கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: கோச்சிங்கா, வீட்டிலேயா, எந்த மாக் டெஸ்ட்?

பிளஸ் ஒன் முடித்த பிள்ளை "நான் லா படிக்கப் போறேன்" என்று சொன்ன மறுநாளே, யாராவது தெரிந்தவர் மூலம் கோச்சிங் சென்டர் விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது, எந்தக் கல்லூரி என்பது. பெருங்குடியில் இருக்கும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி, அரசு சட்டக் கல்லூரிகள் இவற்றின் ஐந்தாண்டுப் படிப்புக்கெல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நுழைவுத் தேர்வு கிடையாது. அங்கே மட்டும்தான் சேரப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுப் பாடப்புத்தகத்தைத் திறக்கலாம், பணமும் மிச்சம். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமோ, பெங்களூரு, ஐதராபாத் போன்ற மற்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களோ வேண்டும் என்றால் டிசம்பரில் நடக்கும் கிளாட் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். டெல்லி மட்டும் தனியாக ஐலெட் என்று ஒன்று நடத்துகிறது.

இரண்டிலும் லாஜிக்கல் ரீசனிங், அதாவது தர்க்கத் திறன் பகுதி உண்டு, ஆனால் எடை வேறு. கிளாட்டில் 120 கேள்வி, 120 நிமிடம், அதில் லாஜிக்கல் ரீசனிங் 22லிருந்து 26 கேள்வி வரை, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஐலெட்டில் மொத்தம் 150 கேள்விகளில் 70 இதுதான், நேரம் அதே 120 நிமிடம். கேள்விக்கு 48 விநாடி! ஆக, டெல்லி உங்கள் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே இந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது மாறிவிடும். இதை முடிவு செய்யாமல் "தினமும் ஒரு மணி நேரம் ரீசனிங்" என்று சுவரில் டைம்டேபிள் ஒட்டுவதில் அர்த்தமில்லை.

கிளாட் 2020இல் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது என்பது பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. 2019 வரை 200 கேள்வி, அதில் 40 லாஜிக்கல் ரீசனிங், பெரும்பாலும் குட்டிக் குட்டிக் கேள்விகள். இப்போது சுமார் 450 சொல் நீளத்தில் ஓர் ஆங்கிலப் பத்தி, அதன் கீழே சில கேள்விகள்: ஆசிரியரின் முடிவு என்ன, அவர் சொல்லாமலேயே எதை நம்பிக்கொண்டு பேசுகிறார், எந்தத் தகவல் வந்தால் வாதம் பலவீனமாகும், இதே மாதிரி வாதம் கீழே எதில் இருக்கிறது. மாமா பையன் வங்கித் தேர்வுக்குப் படித்த தடிமனான ரீசனிங் புத்தகம் அலமாரியில் இருக்கிறதே என்று அதை எடுத்துக் கொடுப்பார்கள். ரத்த உறவு, வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார், வடக்கே நடந்து இடப்பக்கம் திரும்பினால் எந்தத் திசை என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஐலெட்டுக்கு அது கொஞ்சம் உதவும். கிளாட்டுக்கும் அடியோடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அடிப்படை தெரிந்திருக்கட்டும். முதல் மூன்று மாதத்தை அதிலேயே கரைப்பதுதான் வீண்.

சரி, எங்கே படிப்பது? நேரடி கோச்சிங், ஆன்லைன் கோச்சிங், டெஸ்ட் சீரிஸ் (மாதிரித் தேர்வுகளின் தொகுப்பு) மட்டும் வாங்கிக்கொண்டு சொந்தமாகப் படிப்பது என்று மூன்று வழி இருக்கிறது. முதலாவது பல பத்தாயிரங்களில் போய் நிற்கும், கடைசி வழி சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆனால் காசை வைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ஏனென்றால் லாஜிக்கல் ரீசனிங்கில் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் உண்மையில் கொஞ்சம்தான். முடிவு, ஆதாரம், மறைந்திருக்கும் அனுமானம், பலப்படுத்துவது, பலவீனப்படுத்துவது, பத்தியிலிருந்து கட்டாயம் பெறப்படுவது, வாதத்தில் உள்ள ஓட்டை, ஒத்த வாதம். நல்ல ஆசிரியர் சில வாரங்களில் முடித்துவிடுவார். அப்புறம் இருக்கும் மாதங்களெல்லாம் பயிற்சியும் அலசலும்தான். எனவே நீங்கள் கொடுக்கும் பணம் அந்தச் சில வாரங்களுக்கா, அலசலுக்கா என்று பார்க்க வேண்டும்.

விசாரிக்கப் போகும்போது "எத்தனை மாக் டெஸ்ட் தருவீர்கள்" என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள், அவர்களும் பெரிய எண்ணாகச் சொல்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: மாக் டெஸ்ட்டுக்கு அடுத்த நாள் வகுப்பில் என்ன நடக்கும்? ஆசிரியர் சரியான விடையை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறாரா, தவறான மூன்றும் ஏன் தவறு என்று மல்லுக்கட்டுகிறாரா? ஒரு பையன் "சார், எனக்கு இ-தான் சரின்னு படுது" என்று எழுந்து நின்றால் அவனை உட்காரச் சொல்கிறார்களா, பேச விடுகிறார்களா? ஒரு டெமோ வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தாலே இது தெரிந்துவிடும். பேச விடும் வகுப்பு என்றால் நேரடி கோச்சிங்குக்குக் கொடுக்கும் காசு தகும். இந்தப் பாடத்தில் எதிர்வாதம் செய்ய ஆள் கிடைப்பது பெரிய விஷயம், வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அதுதான் கிடைக்காது. எழுபது எண்பது பேரை அடைத்து வைத்து பிபிடி ஓட்டும் வகுப்பு என்றால் அதே பிபிடியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தூரம். வேளச்சேரியிலிருந்து அண்ணா நகர் வகுப்புக்கு, பள்ளி விட்ட பிறகு சாயங்கால நெரிசலில் போய் வருகிற பிள்ளை வீட்டுக்கு வந்து சேரும்போது இரவு சாப்பாடு ஆறிப் போயிருக்கும். போக வர ஆகும் நேரத்தில் ஒரு பகுதிக்கு மட்டுமான செக்‌ஷனல் டெஸ்ட் எழுதி அலசியும் முடித்திருக்கலாம். மெட்ரோ ஸ்டேஷன் இரு பக்கமும் நடக்கிற தூரத்தில் இருந்தால் ரயிலில் பத்திரிகைத் தலையங்கம் படித்துக்கொண்டு வரலாம், அது வேறு கதை. வார இறுதி மட்டும் நேரடி வகுப்பு என்றால் யோசிக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் என்றால் என் ஓட்டு ஆன்லைனுக்கு, அதிலும் நேரலை வகுப்புக்கு மட்டும். பதிவு செய்த வீடியோக்கள் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றே குவிந்து, நவம்பரில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அலசல் அலசல் என்று இவ்வளவு சொல்கிறேனே, அது என்ன என்று ஒரு கேள்வியை வைத்தே பார்த்துவிடலாம். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான், இங்கே வசதிக்காகத் தமிழில்:

"எங்கள் தெருவில் கேமரா வைத்த பிறகு செயின் பறிப்புப் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. எனவே எல்லாத் தெருவிலும் கேமரா வைத்தால் நகரம் முழுக்க செயின் பறிப்பு குறையும்." இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது? அ) கேமரா வாங்கிப் பராமரிக்க நிறையச் செலவாகும். ஆ) அதே மாதங்களில், கேமரா இல்லாத பக்கத்துத் தெருக்களில் செயின் பறிப்பு அதே அளவு கூடியிருக்கிறது. இ) கேமரா தங்கள் அந்தரங்கத்தைப் பாதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஈ) கேமரா இருந்தும் சில திருட்டுகள் நடக்கின்றன.

முதல்முறை எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் அ அல்லது ஈ பக்கம் போவார்கள். அ கேமராவுக்கு எதிராகப் பேசுகிறது, உண்மைதான், ஆனால் இங்கே கேமரா வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, வைத்தால் குறையுமா என்பதுதான் பேச்சு. இ-யும் அதே ரகம். ஈ-யில் "சில" என்ற சொல்லைப் பாருங்கள், வாதம் திருட்டே நடக்காது என்று சொல்லவில்லையே, குறையும் என்றுதான் சொல்கிறது, பாதியாகக் குறைந்த பிறகும் சில நடக்கத்தான் செய்யும். விடை ஆ. திருடர்கள் ஒழியவில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார்கள் என்றால், எல்லாத் தெருவிலும் கேமரா வந்த பிறகு இதே குறைவு கிடைக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லாமல் போகிறது. இங்கே ஒரு கெட்டிக்காரப் பையன் மடக்குவான்: "எல்லாத் தெருவிலும் கேமரா வந்துட்டா திருடன் எங்கே போவான், அப்போ குறையத்தானே செய்யும்?" நல்ல கேள்வி! ஆனால் கேட்டது வாதத்தை உடைப்பது எது என்று அல்ல, நான்கில் அதிகமாகப் பலவீனப்படுத்துவது எது என்று. மற்ற மூன்றும் வாதத்தைத் தொடவே இல்லை. இந்தச் சண்டை நடக்கிற பத்து நிமிடம்தான் படிப்பு.

அதே வாதத்தில் மறைந்திருக்கும் அனுமானம் எது என்று கேட்டால்? புகார் குறைந்தது என்றால் குற்றம் குறைந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: ஸ்டேஷனுக்கு அலைந்து பயனில்லை என்று மக்கள் புகார் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள் என்றால் வாதம் சரிந்துவிடுகிறது. தலைகீழாக்கினால் வாதம் சரிகிறதா, அது அனுமானம். சரியவில்லையா, அது இல்லை. இந்தச் சோதனை ஒன்றைப் பழகிவிட்டால் அனுமானக் கேள்விகளில் பாதித் தலைவலி போய்விடும்.

டெஸ்ட் அலசுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. நேரம் வைத்து எழுதும்போது சந்தேகமான கேள்விகளின் பக்கத்தில் ஒரு புள்ளி. நேரம் முடிந்ததும் விடைக்குறிப்பைத் திறக்காமல், புள்ளி வைத்தவற்றை மட்டும் நிதானமாக மறுபடி போட்டு, புது விடையை வேறு நிற மையில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் விடை பார்ப்பது. முதலில் தப்பு, நிதானமாகப் போட்டபோது சரி என்றால் பிரச்சினை வேகத்தில், அதற்கு இன்னும் டெஸ்ட் எழுதினால் சரியாகும். இரண்டு முறையும் தப்பு என்றால் விஷயமே புரியவில்லை, அதற்கு மேலும் பத்து மாக் எழுதினாலும் அதே தப்புதான் வரும், ஆசிரியரிடமோ பாடத்துக்கோ திரும்பிப் போக வேண்டும். புள்ளியே வைக்காமல், முழு நம்பிக்கையோடு தப்பாகப் போட்டவைதான் ரொம்ப ஆபத்து. அதற்குத் தனி நோட்டு போட்டு, அந்தத் தவறான விடை ஏன் கவர்ந்தது என்று ஒரே வரியில், தமிழிலேயே, எழுதச் சொல்வேன். என் அக்கா மகள் நோட்டில் "இது என் கருத்து, ஆசிரியர் கருத்து இல்லை" என்ற வரி பக்கத்துக்கு ஒன்றாவது இருக்கும். "சித்தி, திரும்பத் திரும்ப இதையேதானே எழுதறேன்" என்று அவளே அலுத்துக்கொண்டாள், அந்த அலுப்பு வந்த பிறகுதான் அந்தத் தப்பு குறைந்தது.

இப்போது எந்த டெஸ்ட்டை எழுதுவது. இங்கேதான் உண்மையான தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய கிளாட் தாள்கள் எல்லாவற்றையும்விட ஒரு படி மேல், இலவசமாகவும் கிடைக்கின்றன, தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால் புது வடிவத்தில் வந்த தாள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, 2022இல் ஜூனிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை தேர்வு நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதிலும் 2023க்கான தேர்வு வரை 150 கேள்வி, 2024க்கான தேர்விலிருந்துதான் 120. இவ்வளவு அரிதான சரக்கை மே மாத விடுமுறையில், பாடம் தெரியாத நிலையில் "சும்மா ஒரு தடவை பார்க்கலாமே" என்று எழுதித் தீர்த்துவிடுவது பெரிய நஷ்டம். ஒன்றை மட்டும் தொடக்கத்தில் எழுதி நிலைமையைப் பார்த்துக்கொண்டு, மற்றதை அக்டோபர், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வ விடைக்குறிப்பும் வேதவாக்கு இல்லை, 2025க்கான கிளாட் விடைகள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகவே ஒரு விடையோடு உங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்றால், காரணம் சொல்லிச் சண்டை போடுவது தப்பில்லை.

கோச்சிங் நிறுவனங்களின் மாக் டெஸ்ட் எண்ணிக்கையில் அதிகம், தரத்தில் மேடு பள்ளம். சில தாள்களில் இரண்டு விடையும் சரி என்று வாதாடலாம், சிலவற்றில் பத்தி தேவையில்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். இவற்றை உட்கார்ந்து எழுதும் பழக்கத்துக்கும், ஐந்து பகுதிகளுக்கும் நேரத்தைப் பிரித்துக்கொள்ளக் கற்பதற்கும் வைத்துக்கொள்ளலாம், தர்க்கத்தைக் கற்க இவற்றை நம்ப வேண்டாம். அவர்கள் தரும் ரேங்க் அவர்களிடம் பணம் கட்டியவர்களுக்குள் வரும் ரேங்க், அதை வாட்ஸாப்பில் பெரியப்பாவுக்கு அனுப்புவதும், இறங்கினால் பிள்ளையைத் திட்டுவதும் வேண்டாத வேலை.

தர்க்கம் கற்க நான் கைகாட்டுவது அமெரிக்க எல்சாட் கேள்விகள். அங்கே சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கான தேர்வு, 2024 ஆகஸ்ட்டிலிருந்து அதில் இருந்த புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள், இப்போது மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்தான். லாஹப் என்ற அவர்களுடைய தளத்தில் கணக்கு தொடங்கினால் சில முழுத் தேர்வுகள் இலவசம். கேள்வி ஒவ்வொன்றும் சாணை பிடித்த மாதிரி இருக்கும், ஒரு சொல் தவறிப் படித்தால் விடை மாறிவிடும், இரண்டு சரியான விடைகள் என்ற தகராறே வராது. ஆனால் அதை அப்படியே கிளாட் என்று நினைக்கக் கூடாது. அங்கே சின்னப் பத்தி, பெரும்பாலும் அதற்கு ஒரே கேள்வி, ஐந்து விடைகள், 35 நிமிடத்தில் 25 கேள்வி போல வரும், தப்பானால் மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். இங்கே நீளப் பத்தி, நான்கு விடைகள், தப்புக்கு 0.25 போய்விடும். எல்சாட் கூர்மையைத் தரும், 450 சொல் பத்திகளை அடுத்தடுத்துப் படிக்கும் தெம்பைத் தராது. அந்தத் தெம்புக்குத் தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம், கையில் பென்சிலோடு, முடிவு எந்த வரியில் இருக்கிறது என்று கோடு போட்டுப் படிக்க வேண்டும். ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் இது, எல்சாட் அப்புறம். இந்தியாவுக்கென்றே நடந்த எல்சாட்-இந்தியா 2024ஓடு நின்றுவிட்டது, அதற்கான புத்தகத்தை யாராவது பழைய விலைக்குத் தந்தால் பயிற்சிக்காக வாங்கலாம், தேர்வு இருக்கிறது என்று நம்பி வாங்க வேண்டாம்.

தமிழில் பயிற்சி வேண்டுமா, பொங்கல் தீபாவளிக்கு டிவியில் வரும் பட்டிமன்றத்தைப் போட்டுவிட்டு, கைதட்டல் வாங்கிய ஒவ்வொரு பேச்சிலும் ஆதாரம் எது, தாவல் எது என்று பிள்ளையைக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே நிறைய ஓட்டைகள் பிடிபடும்.

மாக் எத்தனை என்று கேட்டால், ஆகஸ்ட் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் என்பேன். இரண்டு மணி நேரத் தேர்வை ஒழுங்காக அலச மூன்று மணி நேரமாவது ஆகும், இடையில் பள்ளி, அரையாண்டுத் தேர்வு எல்லாம் இருக்கிறது. வாரம் மூன்று மாக் எழுதுகிறேன் என்று சொல்லும் பிள்ளை அநேகமாக மூன்றையும் அலசவில்லை. கடைசி இரண்டு மாதம் திரையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜெராக்ஸ் கடையில் கேள்வித்தாளும் ஓஎம்ஆர் தாளும் பிரிண்ட் போட்டு, பால்பாயிண்ட் பேனாவில் வட்டம் நிரப்பிப் பழக வேண்டும், கிளாட் காகிதத்தில்தான் நடக்கிறது. நேரம் பகல் 2 மணியிலிருந்து 4 மணி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நேரம், மாக் டெஸ்ட்டையும் அதே நேரத்தில்தான் எழுத வேண்டும். வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து எழுதலாம்.

தேர்வு டிசம்பரில் வருவதால் சென்னைக்காரர்களுக்கு மழை என்ற இன்னொரு பாடமும் உண்டு. 2024க்கான கிளாட் நடந்தது 2023 டிசம்பர் 3, அன்றிரவும் மறுநாளும் மிக்ஜாம் புயல் ஊரை மூழ்கடித்தது. தேர்வு மையத்துக்குப் போகும் வழியையும், அந்த வழியில் தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதை இருக்கிறதா என்பதையும் முன்னாலேயே பார்த்துவையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு யார் எதை எடுக்கலாம்? ஆங்கிலப் பத்தியைத் தடுமாறாமல் படிக்கிற, சொன்ன நேரத்துக்குத் தானாக உட்காருகிற பிள்ளைக்கு கோச்சிங் வேண்டாம், எல்சாட் இலவசத் தாள்கள், ஒரே ஒரு டெஸ்ட் சீரிஸ், பழைய தாள்கள் போதும், வாதாட ஒரு தோழியோ தோழனோ கிடைத்தால் இன்னும் நல்லது. தானாக உட்காராத பிள்ளைக்கு வார இறுதி நேரடி வகுப்பு. ஆங்கிலம்தான் தடை என்றால், லாஜிக்கல் ரீசனிங் வகுப்பில் பணத்தைக் கொட்டினாலும் பலன் தெரியாது, பிளஸ் ஒன்னிலேயே வாசிப்பைத் தொடங்க வேண்டும். பிளஸ் டூ நடுவில்தான் இந்த யோசனையே வந்தது என்றால், டிசம்பரில் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பெருங்குடிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். கிளாட்டுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, அடுத்த டிசம்பரிலும் எழுதலாம்.

கடைசியாக ஒரு கணக்கு, இதை எந்த வகுப்பிலும் முதல் நாளே சொல்ல வேண்டும். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டால், சராசரியாகக் கிடைப்பது 0.06 மதிப்பெண், அதாவது லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் 0.17, இரண்டை நீக்கிவிட்டால் 0.375. மாக் டெஸ்ட்டில் சந்தேகமான கேள்விகளை விட்டுவிட்டு வருகிற பழக்கம் இருந்தால், எத்தனை கேள்வியில் இரண்டு விடைகளை நீக்கிய பிறகும் விட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், அடுத்த டெஸ்ட்டில் அவற்றையெல்லாம் போட்டுவிட்டு வாருங்கள்.